அம்மாவுக்கு மணி நாலு, எனக்குப் பதினொன்றரை

2018 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்கு நானும் கணவரும் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, இருட்டோடு கிளம்பி வேலைக்குப் போனேன். அன்று தீபாவளி. ரயில் பெட்டியில் யாருக்கும் அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. என் கைப்பேசியில் மட்டும் குடும்பக் குழுவில் படங்கள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. அம்பாசமுத்திரம் வீட்டு முற்றத்தில் அப்பா புது வேட்டியில் நிற்கிறார். அண்ணன் பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்பு. அம்மா எந்தப் படத்திலும் இல்லை. அடுப்படியில் இருந்திருப்பாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, விளக்கேற்றி, கடையில் வாங்கிய இனிப்பை ஒரு தட்டில் வைத்துவிட்டு ஊருக்கு அழைத்தேன். இங்கே ஆறரை. மூன்றரை மணி நேரம் கூட்டினால் ஊரில் பத்து, தீபாவளி அன்று யாரும் பத்து மணிக்குத் தூங்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை அப்பா எடுத்தார். தூக்கக் குரலில், பதறிப்போய், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார். வாழ்த்துச் சொல்லத்தான் அழைத்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஊரில் அப்போது மணி பதினொன்று.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அதுவரை மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து நாலரை ஆகிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி மூன்றரைக்கு வரும். கைப்பேசி தானாகவே மாற்றிக்கொள்வதால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் முதல் தீபாவளி போனது. அழுதேன். இவர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டுக்குப் புதிதாகக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. என்ன சாமான் எடுத்துப் போகணும், குளிருக்கு எந்தக் கோட்டு வாங்கணும் என்று கேட்பார்கள். நான் முதலில் சொல்வது இந்தக் கடிகாரக் கதையைத்தான். ஊரில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள், எந்த நேரத்தில் ஓய்வாக இருப்பார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே உங்கள் ஊர் நேரத்தைக் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். நேரம் மாறப்போகிற வாரத்தில் அம்மா அப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வழக்கமான நேரத்தில் ஃபோன் வரவில்லையே என்று அங்கே ஒரு மணி நேரம் கலங்கிப்போவார்கள்.

அப்புறம் நான் கண்டுகொண்டது வேறு. அன்று எனக்கு அவ்வளவு வலித்ததற்குத் தீபாவளி மட்டும் காரணம் இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் அம்மாவிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, காணொளியில், இரண்டு பக்கமும் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு பேசினோம். "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். அரை மணி நேரம் பேசி வைத்த பிறகும் அம்மா என்ன குழம்பு வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. சாதாரண நாட்கள் இப்படி வெறுமையாகக் கிடந்ததால் பண்டிகை நாளின் தலையில் மொத்தப் பாரத்தையும் ஏற்றிவிட்டேன்.

மாற்றியது மிகச் சின்ன விஷயம். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடை பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடம் தினமும் அம்மாவோடு. முகம் காட்டுவது கிடையாது, காதில் குரல் மட்டும். கோடையில் அங்கே பத்தே முக்கால், குளிர்காலத்தில் பதினொன்றே முக்கால். இரண்டுமே அம்மா அடுப்படியில் இருக்கும் நேரம். அவள் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். குக்கர் விசில் கேட்கும். கீரைக்காரம்மா வாசலில் வந்து கூப்பிடுவது கேட்கும். அம்மா அவளிடம் பேரம் பேசி முடித்து வரும்வரை நான் நடந்துகொண்டிருப்பேன். சில நாள் ஒன்றுமே பேசிக்கொள்ள மாட்டோம். "ஏட்டி, இருக்கியா?" "இருக்கேம்மா." அவ்வளவுதான். சுரங்கப்பாதைப் படிக்கட்டில் இறங்கும்போது வைத்துவிடுவேன். ரயிலுக்குள் சத்தமாக ஃபோன் பேசினால் இங்கே முகம் சுளிப்பார்கள்.

ஏழு வருடத்துக்கு மேலாக அது நடக்கிறது. மருமகள் மேல் வருத்தம், அப்பாவின் சர்க்கரை அளவு, பக்கத்து வீட்டு மாட்டுக் கன்று எல்லாம் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் எனக்குத் தெரிய வருகிறது. அப்பாவுக்குக் கால் வீங்கியிருப்பதை அம்மா ஒரு காணொளி அழைப்பிலும் சொன்னதில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் சொன்னாள்.

அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். சுவரில் துளை போடக்கூடாது. காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருவிலுள்ள தொட்டியில் போடக்கூட அன்று அனுமதி இல்லை, சத்தம் வரும் என்பதால். முதல் வருடம் ஞாயிறு என்றாலே எனக்குப் பயம். ஊரில் ஞாயிறு என்றால் வீடு நிறைய ஆள். இங்கே தெருவே மூச்சுவிடாமல் கிடக்கும். இவர் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இட்லி என்று வைத்துக்கொள்வோமா என்றார்.

குளிர் ஊரில் மாவு பொங்காது. டிசம்பரில் இரண்டு நாள் வைத்தும் மாவு அரைத்தபடியே கிடந்தது. எனக்குக் கைகொடுத்தது கேக் சுடும் மின்னடுப்பு. சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். வெள்ளி இரவு ஊறப்போட்டு, சனிக்கிழமை காலை கெட்டியாக அரைத்து, கையாலேயே நன்றாகக் கலக்கி உள்ளே வைத்தால் ஞாயிறு காலை பொங்கி நிற்கும். பாத்திரத்தில் பாதி அளவுதான் மாவு இருக்க வேண்டும், வழிந்தால் அடுப்பைச் சுத்தம் செய்வது பெரிய பாடு. முதல் தடவை மாவு பொங்கிய காலையில் நான் அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியாக விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தேன். மேல்பரப்பில் சின்னச் சின்னக் குமிழி ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது. அம்மா வீட்டு அடுப்படி வாசம் இந்த ஊரில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் வந்தது.

அதன்பிறகு ஞாயிறு இட்லிக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தோம். என்னோடு வேலை பார்ப்பவர்கள், தனியாக இருக்கும் மாணவர்கள் என்று யாராவது இரண்டு பேர் வருவார்கள். வருவோர் போவோர் இருக்கும் வீட்டில்தான் பண்டிகைக்கும் ஆள் சேரும் என்பது என் அனுபவம். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆள் தேடினால் கிடைக்காது.

ஊரிலிருந்து சாமான் கொண்டுவருவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணி பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் கொண்டுவரக்கூடாது. அம்மா உருக்கித் தந்த நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் விமான நிலையத்தில் என் கண் முன்னாலேயே குப்பைக்குப் போயின. அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அந்த நெய்க்காக அம்மா எத்தனை நாள் வெண்ணெய் சேர்த்தாள் என்பது எனக்குத் தெரியும். கறிவேப்பிலை, கீரை போன்ற பச்சை இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பழங்களில் அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. முறுக்கு, அப்பளம், பொடி வகைகள் எல்லாம் எங்களுக்கு எந்தத் தடையும் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. கிளம்பும் முன் அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி, நெய்க்குப் பதில் இட்லிப் பொடி கேளுங்கள். அவளுக்கும் ஏதாவது கொடுத்தனுப்பிய திருப்தி வேண்டும்.

இங்குள்ள பண்டிகைகளும் நம்மைத் தொடும். அதற்கும் தயாராக வேண்டும். முதல் கிறிஸ்துமஸுக்கு முன்தினம் மூன்று மணிக்குப் பால் வாங்கப் போனேன். டிசம்பர் 24 பகல் 2 மணிக்குள் கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. அந்த வருடம் 23ஆம் தேதி ஞாயிறு வேறு. அதற்கு முந்தின வாரம் பூராவும் நகரம் சிரித்துக்கொண்டிருந்தது. நடுச்சதுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மரங்களை அடுக்கி 45 மீட்டர் உயரத்துக்கு ஒரே கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்துவார்கள், அதன் அடியில் நிற்க இடம் கிடைக்காது. 24 சாயங்காலம் அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டுக்குள், அவரவர் குடும்பத்தோடு. ஜன்னல்தோறும் வெளிச்சம். தெருவில் நாங்கள் இரண்டு பேர். கடைசியில் மத்திய ரயில் நிலையத்துக் கடையில் பால் கிடைத்தது. ஞாயிறும் விடுமுறை நாளும் ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

திரும்பி வந்தால் வாசல் கதவில் ஒரு தகர டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. மேல்மாடியில் தனியாக இருக்கும் பாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே நட்சத்திர வடிவில், பிறை வடிவில் பிஸ்கட். ஒரு சீட்டில் வாழ்த்து. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் முறுக்கு சுற்றி அதே டப்பாவில் வைத்துக்கொண்டு மேலே போனேன். அவர் வீட்டிலும் யாரும் இல்லை. பிள்ளைகள் இருவரும் தெற்கே மியூனிக் பக்கம் இருக்கிறார்கள், 26ஆம் தேதிதான் வருவார்கள் என்றார். மேசையில் நாலு தட்டு முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். குடும்பத்தைப் பிரிந்து பண்டிகைக்குக் காத்திருப்பது நாட்டைவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் உள்ளது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகர டப்பா இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு மேலே போகும், ஈஸ்டருக்கு வண்ண முட்டையோடு கீழே வரும்.

டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஹம் என்ற ஊர் வந்துவிடும். ஊரின் ஓரத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு நடத்திய கோயில். 1980களில் போருக்குத் தப்பி வந்தவர்கள் வெறும் கையோடு வந்து இதை எழுப்பியிருக்கிறார்கள். முதல் தடவை சாலைத் திருப்பத்தில் கோபுரத்தைப் பார்த்தபோது பேருந்தில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன்.

அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அது 2020 செப்டம்பர். அதற்கு முந்தின மாதம் எங்கள் ஆச்சி காலமாகியிருந்தாள். மார்ச் 23 முதல் இந்தியாவுக்கு வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் இல்லை. சிறப்பு விமானத்துக்குப் பதிந்து, போய் இறங்கித் தனிமைப்படுத்தலில் இருந்து வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சித்தப்பா மகன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். இங்கே காலை ஏழரை, அங்கே பதினொன்று. ஆச்சி முகம் ஆடி ஆடித் தெரிந்தது. சங்கு ஊதினார்கள். தூக்குவதற்கு ஒரு ஆள் குறைந்ததால் அவனையும் கூப்பிட்டார்கள். அவன் ஃபோனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரை இருட்டாகிவிட்டது. அதன்பிறகு எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்: காலடி, அம்மாவின் அழுகை, தெருமுனை வரைக்கும் கூட வந்த பெண்களின் குரல், பிறகு அவனுடைய மூச்சு. நான் அந்த இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை அந்த அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்துவிட்டு, "பிள்ளை, என்ர ஐயா செத்தது எண்பத்தொன்பதில. கடிதம் வந்து சேரவே மூண்டு கிழமை. போக ஏலாது. நீங்கள் ஃபோனில எண்டாலும் பாத்தனீங்கள்" என்றார். குத்திக்காட்டச் சொன்னதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." எங்களுக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, அடுத்த விமானம் என்று ஒன்று இருக்கிறது. அந்த அக்காவுக்குப் பல வருடங்கள் அது இல்லை. பிரிவைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் அவர் மடியில் இருந்த பாதி கட்டிய பூ நினைவுக்கு வரும்.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு நானும் இவரும் உட்கார்ந்து சில ஏற்பாடுகளைச் செய்தோம். யாருக்கும் இதைப் பற்றிப் பேசப் பிடிக்காது, எங்களுக்கும் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தோம். உடனே கிளம்புவதற்கான இரண்டு டிக்கெட் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது, எதற்காகவும் அதைத் தொடுவதில்லை. கடவுச்சீட்டு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பித்துவிடுகிறோம். குடியிருப்பு அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் காலத்துக்கு ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதில் வெளிநாடு போய்த் திரும்ப அனுமதிக்கும் வகையும் உண்டு, அனுமதிக்காத வகையும் உண்டு. எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று வாங்கும்போதே பார்த்துக் கேட்டுவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாக அனுமதியே போய்விடும் என்பதால், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நீண்ட நாள் போகிறவர்கள் கிளம்பும் முன்பே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

ஊர்ப் பக்கத்து ஏற்பாடு இதைவிட முக்கியம். நடுராத்திரியில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக்கூடியவர் யார்? அண்ணன் சென்னையில் இருக்கிறான், அவன் வந்து சேர ஒரு இரவு ஆகும். எதிர்வீட்டுத் தம்பியிடம் நேரில் போய்ப் பேசினோம். அவன் எண் எங்கள் இருவர் ஃபோனிலும் இருக்கிறது, அப்பாவின் மருந்துச் சீட்டுப் படம் அவனிடம் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் அவனையும் அழைத்துப் பேசிவிடுவேன். ஆபத்துக்கு மட்டும் ஃபோன் செய்கிறவளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

பெற்றோரை இங்கே வரவழைப்பதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மகள் பிறந்தபோது அம்மா மட்டும் வந்திருந்தாள், அப்போது வீடு முழுக்கக் குழந்தைதான். இரண்டு பேருமாக வந்தது 2022 டிசம்பரில். கிறிஸ்துமஸ் விளக்கையும் பனியையும் காட்டலாம் என்ற ஆசையில் நான் செய்த தப்பு அது. டிசம்பரில் இங்கே எட்டரைக்கு விடியும், நாலரைக்குள் இருட்டிவிடும். அப்பா ஊரில் அதிகாலை ஐந்தரைக்கு டீக்கடைக்குப் போய்ச் செய்தித்தாள் படிக்கிறவர். இங்கேயும் ஐந்தரைக்கு எழுந்து, சட்டை போட்டு, ஜன்னல் பக்கத்தில் மூன்று மணி நேரம் விடிவதற்காக உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாட்காட்டியில் மட்டும் தினம் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு மனசு விட்டுப்போனது.

2024இல் மே மாதம் வரவழைத்தோம். ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். அப்பாவுக்குத் தனிச் சாவி ஒன்று செய்து கொடுத்தோம். அப்போது மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுவதும் பேருந்திலும் உள்ளூர் ரயில்களிலும் போகக்கூடிய பயணச்சீட்டு இருந்தது, அதையும் எடுத்துக் கொடுத்தோம். அதிவேக ரயிலுக்கு மட்டும் செல்லாது. மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பார்கள் என்பதால் ஊருக்குத் திரும்பும் முன் ரத்து செய்ய மறக்கக்கூடாது. சாவியும் சீட்டும் கையில் வந்த மறுநாளே அப்பா தனியாகக் கிளம்பிவிட்டார். வெஸ்ட்ஃபாலன் பூங்காவில் ஒரு பெஞ்சு அவருடையதாகிவிட்டது. அதே பெஞ்சுக்கு ஒரு துருக்கிப் பெரியவரும் வருவார். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. இரண்டு பேரும் பேரப்பிள்ளைகள் படத்தைக் காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார்கள். "எங்கேப்பா போனீங்க" என்று நான் கேட்டு, அவர் "சும்மா இப்படித்தான்" என்று சொன்ன நாளில்தான் எனக்கு நிம்மதி வந்தது.

அந்த வருகைக்கான வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். நாங்கள் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் போட்டோம். அதற்கு நேரம் குறித்துக் கிடைப்பதே தாமதமாகும் என்பதால் நாலைந்து மாதம் முன்பே தொடங்குவது நல்லது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அந்தக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் மூன்று மாதத்துக்கான மாத்திரையை மருத்துவர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டில் கம்பெனி வைத்த பெயரோடு, மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயரும் இருக்கட்டும்.

ஹம் கோயில் தேர் அந்த நாட்களில்தான் வந்தது. ஆயிரக்கணக்கான சனம். காவடி, தவில், அடிவெயில். அம்மா வடம் பிடித்தாள். பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம் நடக்கும் என்று சொல்லிக் கூட்டிப்போய்க் காட்டினேன். சரக்குப் படகு போவதற்காக வெட்டிய கால்வாய் அது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தண்ணி ஓடலியேட்டி" என்றாள். அப்புறம் குனிந்து அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

விடுமுறைக் கணக்கு ஒன்று இருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு, பல இடங்களில் 30 வரை தருகிறார்கள். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். ஜனவரி நடுவில் யாருக்கும் விடுப்பு வேண்டாம். நான் அலுவலகத்தில் வெளிப்படையாகவே பேசினேன்: டிசம்பர் கடைசி வாரம் நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன், பொங்கலுக்கு எனக்கு மூன்று வாரம் வேண்டும். இரண்டு பக்கமும் சந்தோஷம். மூன்று பொங்கல் அப்படி ஊரில் கழிந்தது.

2025 ஆகஸ்டில் மகள் முதல் வகுப்பில் சேர்ந்தாள். அதோடு பொங்கல் போனது. பள்ளி நடக்கும் நாட்களில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போக இங்கே விடமாட்டார்கள், அபராதம் வரைக்கும் போகும். எங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலையிலோ ஜூன் கடைசியிலோ தொடங்கும், ஆறு வாரம். நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா ஃபோனில் சொன்னாள்: "அதுக்கென்ன, ஆடி வருதே." ஆமாம், எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் அம்மன் கோயில் கொடை விழா. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் காட்டுக்குள் குடில் போட்டுச் சனம் தங்கும். சின்ன வயதில் நான் அங்கே தங்கியிருக்கிறேன். இத்தனை வருடம் பொங்கலையே பிடித்துக்கொண்டிருந்ததில் அதை மறந்தே போயிருந்தேன். இனி எங்கள் வீட்டில் ஊர் விடுமுறை ஆடியில்.

2024 தீபாவளியைச் சொல்லி முடிக்கிறேன். அது அக்டோபர் 31, வியாழக்கிழமை. கடிகாரம் 27ஆம் தேதியே மாறியிருந்தது, இந்தத் தடவை நான் மறக்கவில்லை. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் காய்ச்சும்போது எனக்கு முந்தின நாள் இரவு மணி பதினொன்றரை. சரி, நமக்கும் தீபாவளி அப்போதே தொடங்கட்டும் என்று முடிவு செய்தோம். பத்து மணிக்கு மேல் கட்டடத்தில் சத்தம் கூடாது என்பதால் எல்லாம் கிசுகிசுப்பில் நடந்தது. ஃபோனைப் புளி ஜாடி மேல் சாய்த்து வைத்தேன். அங்கே அம்மா அப்பா தலையில் மூன்று சொட்டு எண்ணெய் வைத்தாள். இங்கே இவர் தலையில் நான் வைத்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். விரலில் எண்ணெயைத் தொட்டு அவள் உச்சியில் மூன்று தடவை வைத்தேன், அவள் அசையக்கூட இல்லை. "வச்சுட்டியா?" என்று அம்மா கிசுகிசுத்தாள். அவள் எதற்குக் கிசுகிசுக்க வேண்டும், அங்கே ஊரே விழித்திருக்கிறது. இருந்தாலும் கிசுகிசுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கட்டட முற்றத்தில் மகளுக்குக் கம்பி மத்தாப்பு மட்டும். வெடிகளை இங்கே வருடக் கடைசி மூன்று நாளில்தான் விற்பார்கள், டிசம்பர் 31, ஜனவரி 1இல்தான் கொளுத்தலாம். மத்தாப்புக்கு அந்தத் தடை கிடையாது. அவள் பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். மத்தாப்பு முடிந்து மேலே வந்ததும் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வாசலில் ஒரு எலும்புக்கூடு, இரண்டு சூனியக்காரிகள், ஒரு குட்டிப் பேய். "இனிப்பா, இல்லை புளிப்பா?" என்று ஜெர்மனில் கத்தினார்கள். அன்றைக்கு ஹாலோவீனும்கூட என்பது எனக்கு நினைவே இல்லை. வீட்டில் சாக்லேட் கிடையாது. லட்டுத் தட்டை நீட்டினேன். படிக்கட்டில் நின்றிருந்த ஒரு தாய், அதில் கொட்டை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். முந்திரி இருக்கிறது என்றதும் அவர் பிள்ளைக்கு மட்டும் முறுக்கு கொடுத்தேன். எலும்புக்கூடு லட்டை முகமூடிக்குள் தள்ளிவிட்டு இன்னொன்று கேட்டது.

மகள் தானும் போகிறேன் என்றாள். வெளியே குளிர், பாவாடைக்கு மேலே கோட்டை மாட்டி அனுப்பினேன், இவர் கூடவே இறங்கினார். கீழ்த்தள வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும், நீ என்ன வேஷம் போட்டிருக்கிறாய் என்று யாரோ கேட்பதும் மேலே வரைக்கும் கேட்டது. அவள் சொன்னாள், "நான் தீபாவளி."

அடுத்த நாள் நவம்பர் 1, இங்கே விடுமுறை. வேலைக்குப் போக வேண்டாம், இருந்தாலும் வழக்கமான நேரத்தில் வெளியே இறங்கி அந்தப் பன்னிரண்டு நிமிடம் நடந்தேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாள்: "கோட்டுக்குக் கீழே பாவாடை வெளிய தெரிஞ்சுதாட்டி?"